சாந்திநிகேதன்: செவ்வாய் போய் வியாழன் திரும்பினால் போதுமா?

தாமிரபரணி (கேள்வி):
சென்னையிலிருந்து ஜனவரியில் கொல்கத்தா போகிறோம். அப்படியே சாந்திநிகேதனும் பார்த்துவிடலாம் என்று எண்ணம். திட்டம் இதுதான்: செவ்வாய் மதியம் போல்பூரில் (சாந்திநிகேதனுக்கான ஸ்டேஷன்) இறங்குவது, புதன் முழுக்க தாகூர் வீடுகள், மியூசியம், கலாபவனம் (ஓவிய, சிற்பக் கல்லூரி), வியாழன் மதிய ரயிலில் திரும்புவது. அம்மாவும் வருகிறார். முழங்கால் வலி இருப்பதால் ஒரே மூச்சில் ரொம்ப தூரம் நடக்க மாட்டார். எல்லோரும் சைவம். ஹௌராவிலிருந்து எந்த ரயில் வசதி? சோனாஜுரி சந்தைக்கு எந்த நாள் போகலாம்?

தண்டவாளம்:
முதலில் கிழமையை மாற்றுங்கள். அங்கே தாகூர் தொடங்கிய விஸ்வபாரதி பல்கலைக்கழகத்தில் ஞாயிறு விடுமுறை இல்லை, புதன்தான். ரவீந்திரநாத்தின் அப்பா தேவேந்திரநாத் தாகூர் காலத்து பிரம்ம சமாஜ வழிபாட்டு நாள் அது, இன்றும் அப்படியே தொடர்கிறது. மியூசியமும் தாகூர் வீடுகள் இருக்கும் உத்தராயண் வளாகமும் புதனன்று பூட்டியிருக்கும். செவ்வாயன்றும் பாதி நாள் என்பது பழைய வழக்கம். அதனால் மதியம் இறங்கிப் பார்த்துவிடலாம் என்று நம்ப வேண்டாம். உங்கள் திட்டப்படி போனால் கேட்டையும் மதில் சுவரையும்தான் பார்த்துவிட்டு வருவீர்கள். புதன் காலையில் கண்ணாடி மந்திர் என்ற வழிபாட்டுக் கூடத்தில் உபாசனை நடக்கும், அது ஒன்றுதான் அந்த நாளுக்கான விசேஷம்.

வெள்ளி மதியம் இறங்கி ஞாயிறு திரும்புவது சரியாக வரும். சனி, ஞாயிறு அறை வாடகை ஏறும், அதற்கு வழியில்லை.

ரயில்: 12337 சாந்திநிகேதன் எக்ஸ்பிரஸ் காலை பத்து மணிவாக்கில் ஹௌராவில் கிளம்பி, பன்னிரண்டரை சுமாருக்குப் போல்பூர் சேரும். அதே ரயில்தான் ஒரு மணிக்குமேல் 12338 ஆகத் திரும்புகிறது. ஆகவே இந்த ரயிலை வைத்து ஒரே நாளில் போய்வர முடியாது. காலை ஆறு மணி சுமாருக்கு ஹௌராவில் கணதேவதா எக்ஸ்பிரஸ், நியூ ஜல்பைகுரி போகும் வந்தே பாரத் இரண்டும் இருக்கின்றன. சில ரயில்கள் கொல்கத்தாவின் இன்னொரு ஸ்டேஷனான சியால்தாவிலிருந்து கிளம்பும், டிக்கெட்டில் ஸ்டேஷன் பெயரைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு சிக்கல்: சென்னையிலிருந்து வரும் கோரமண்டல் எக்ஸ்பிரஸ் இப்போது ஹௌரா போவதில்லை, ஷாலிமார் ஸ்டேஷனோடு சரி. அங்கிருந்து டாக்சி பிடித்துத்தான் ஹௌரா வரவேண்டும். மூட்டையும் அம்மாவுமாக அந்த அலைச்சல் வேண்டாமென்றால் ஹௌரா மெயிலில் வாருங்கள். விமானமென்றால் 2025 ஆகஸ்டிலிருந்து விமான நிலையத்திலேயே மெட்ரோ இருக்கிறது. நோவாபாராவில் ஒருமுறை, எஸ்பிளனேடில் ஒருமுறை மாறினால் ஹௌரா ஸ்டேஷன்.

சுவர்ச்சித்திரம்:
கிழமையைச் சொல்லிவிட்டார்கள். உள்ளே என்ன பார்க்கலாம் என்பதில் பலருக்கும் ஏமாற்றம் வருகிறது, அதைச் சொல்கிறேன்.

டிக்கெட் வாங்கி நேராகப் போகக்கூடியது உத்தராயண் மட்டும். தாகூர் வாழ்ந்த ஐந்து வீடுகள் (உதயன், கோனார்க், ஷ்யாமளி, புனஸ்ச, உதீசி), கூடவே மியூசியம். மியூசியத்துக்குள் படமெடுக்கக் கூடாது. அங்கே இருக்கும் நோபல் பதக்கம் நகல், அசல் 2004 மார்ச்சில் திருடுபோனது. என்னைக் கேட்டால் மியூசியத்தைவிட ஷ்யாமளியில் அதிக நேரம் நில்லுங்கள். கூரை உட்பட முழுக்க மண்ணால் 1935இல் கட்டிய வீடு. வெளிச்சுவரில் மண்ணிலேயே புடைப்புச் சிற்பங்கள் இருக்கும். காலைச் சாய்வெயிலில்தான் அவை எடுப்பாகத் தெரியும், உச்சிவெயிலில் சுவரோடு சுவராகிவிடும்.

கலாபவனமும் ஆசிரமப் பகுதியும் வேறு கணக்கு. அது நடந்துகொண்டிருக்கும் கல்லூரி. கொரோனாவோடு அடைத்தது, பழையபடி யாரும் நுழையலாம் என்ற நிலை இல்லை. 2025 ஆகஸ்டிலிருந்து ஞாயிறுகளில் பல்கலைக்கழகமே கட்டணம் வாங்கிக்கொண்டு வழிகாட்டியோடு கூட்டிப்போகிறது. புறப்படும் நேரத்தைப் பல்கலைக்கழகத்தில் கேட்டுவிட்டு அப்புறம் திரும்பும் டிக்கெட் போடுங்கள், இல்லையென்றால் 12338ஐ விட்டுவிடுவீர்கள்.

சிற்பி ராம்கிங்கர் பைஜின் ‘சந்தால் குடும்பம்’ சிலை (1938) கலாபவனத் திடலில் நிற்கிறது. வெண்கலமோ பளிங்கோ கிடையாது, செம்மண் சரளையும் சிமெண்டும்தான். கிட்டப் போனால் ஒவ்வொரு கல்லும் தெரியும். பின்பக்கமும் சுற்றிப் பாருங்கள். அருகிலேயே மாணவர்கள் களிமண்ணும் தாரும் பூசிச் செதுக்கிய கறுப்பு வீடு. ஓவியர் கே.ஜி. சுப்ரமணியனின் கறுப்பு வெள்ளைச் சுவரோவியமும் அங்கேதான். நம் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர் அவர். ஹிந்தி பவனில் பினோத் பிஹாரி முகர்ஜி 1946–47இல் தீட்டிய பக்தி கால ஞானியர் சுவரோவியத்தில் கபீர், சூர்தாசோடு நம் ராமானுஜரும் இருக்கிறார். அனுமதி கிடைத்தால் அதை விடாதீர்கள்.

தாமிரபரணி:
மிக்க நன்றி, வெள்ளி முதல் ஞாயிறு என்று மாற்றிவிட்டேன். சாப்பாடு, சந்தை, அம்மாவின் நடை பற்றியும் யாராவது சொல்லுங்களேன்.

கடுகெண்ணெய்:
நடை: போல்பூர் ஸ்டேஷனிலிருந்து உத்தராயண் மூன்று கிலோமீட்டர் சொச்சம். ஊர் முழுக்க டோட்டோதான், அதாவது பேட்டரி ரிக்‌ஷா. அரை நாளுக்கு மொத்தமாகப் பேசிக்கொள்ளுங்க. எந்தெந்த இடம், எவ்வளவு நேரம் காத்திருக்கணும் என்பதை ஏறும் முன்னாடியே பேசிடணும். வெறும் “சைட் சீயிங்” என்று ஏறினால் வழியிலுள்ள கடைக்கெல்லாம் கொண்டுபோய் நிறுத்துவாங்க. உத்தராயண் உள்ளே வண்டி கிடையாது, அம்மாவுக்கு அங்கே மட்டும் நிதானமா ஒன்றரை மணி நேரம் வையுங்க.

சந்தை: இப்போ சோனாஜுரியில் அநேகமா தினமும் கடை போடறாங்க, ஆனா சனிக்கிழமைதான் பெரிய ஹாட், அதாவது சந்தை. காட்டுக்குள்ள தரையில் விரிச்ச கடைகள், விளக்கு வசதி குறைவு. மூணு மணிக்குப் போங்க, ஜனவரியில் அஞ்சரைக்கெல்லாம் இருட்டிடும். காந்தா புடவை (ஓட்டுத்தையல் வேலைப்பாடு செய்தது) எடுத்தால் முதலில் திருப்பிப் பாருங்க. கைத்தையல்னா பின்பக்கமும் விட்டு விட்டுத்தான் நூல் தெரியும், இடைவெளி கொஞ்சம் ஏறி இறங்கி இருக்கும். மிஷின்னா கோடு அறுபடாமல் ஓடும். விலை பேசறது அதுக்கப்புறம். தோல் பைகளில் ஈரக் கைக்குட்டையால் ஒரு ஓரத்தைத் தேய்ச்சுப் பாருங்க, சாயம் ஒட்டினால் வெள்ளைச் சட்டைக்கு ஆகாது. வங்காள நாட்டுப்பாடல் பாடும் பாவுல் பாடகரைப் பாடச் சொல்லிக் கேட்டால் பணம் கொடுப்பது வழக்கம், சில்லறை நோட்டு கையில் இருக்கட்டும்.

சைவச் சாப்பாட்டில்தான் உஷாரா இருக்கணும். பருப்பிலும் முட்டைகோஸ் கறியிலும் மீன் தலை, சுரைக்காயில் இறால் போடுவது அங்கே சாதாரணம். காய்கறியைப் பார்த்து சைவம்னு எடுத்துப் போட்டுக்காதீங்க. “நிராமிஷ்” (வங்காளத்தில் சைவம்) என்று சொல்லிக் கேளுங்க. ஆலு போஸ்தோ, அதாவது கசகசா அரைச்சுப் போட்ட உருளைக்கிழங்கு, இந்த பீர்பூம் மாவட்டத்துப் பக்கம் நல்லாவே இருக்கும். கடுகெண்ணெய் வாசனை அம்மாவுக்குப் பிடிக்கலைன்னா முதல் வேளை வெறும் சோறும் தயிரும் போதும். ஜனவரியில் நொலேன் குர் (புது ஈச்சம் வெல்லம்) போட்ட சந்தேஷ் என்ற பால் இனிப்பு கிடைக்கும், குளிர்காலம் போனால் அது கிடையாது.

தண்டவாளம்:
ஒன்று விட்டுப்போச்சு. பயணத்தை டிசம்பருக்கு முன்னுக்குத் தள்ளினால் 23ஆம் தேதி சுமாருக்கு பௌஷ் மேளா என்ற பெரிய திருவிழா தொடங்கும், அறையும் ரயிலும் அந்த வாரம் லேசில் கிடைக்காது. ஹோலிக்குப் போகலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 2020லிருந்து விஸ்வபாரதி தன் ஹோலி விழாவான வசந்த உற்சவத்தை வெளியாட்களுக்குத் திறந்துவிடுவதில்லை. ஜனவரியே இருக்கட்டும், காலையில் டோட்டோவில் குளிர்காற்று அடிக்கும், அம்மாவுக்கு ஒரு சால்வை எடுத்துக்கொள்ளுங்கள்.