திருகோணமலை உப்புவெளி வளவில் நீச்சல் தடாகம் கட்ட யாரிடம் அனுமதி எடுப்பது?

உப்புவெளிக்காரி:
கனடாவில் இருக்கும் அண்ணா ஆடி மாதம் பிள்ளைகளோடு வருகிறார். அதற்குள் வளவில் 8 மீற்றருக்கு 4 மீற்றர் தடாகம் ஒன்று கட்டி முடிக்கச் சொல்லி ஒரே நச்சரிப்பு, மொட்டை மாடியில் ஹொட் டப் (சுடுதண்ணீர்த் தொட்டி) வேறு வேண்டுமாம். மேசன் பாஸோ "சொந்தக் காணியில கிடங்கு வெட்ட ஆரைக் கேக்க வேணும் தங்கச்சி" என்கிறார். கடல் நடக்கும் தூரம்தான். உண்மையில் என்ன நடைமுறை?

படவரைஞர்:
பாஸின் பேச்சைக் கேட்டு மண்வெட்டி போட்டுவிடாதீர்கள் தங்கச்சி. முதலில் நில அளவையாளரைக் கூப்பிட்டு, கடலின் சராசரி உயர்நீர்க் கோட்டிலிருந்து (பெருக்கு நேரத்தில் தண்ணீர் சராசரியாக ஏறும் எல்லை) காணி எத்தனை மீற்றர் என்று அளந்து எடுங்கள். 300 மீற்றருக்குள் என்றால் 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கச் சட்டப்படி அது கரையோர வலயம், கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும், பிரதேச சபை பிளான் பாஸ் பண்ணினால் மட்டும் போதாது. உப்புவெளி என்றால் திருகோணமலைப் பட்டினமும் சூழலும் பிரதேச சபை, நிலாவெளிப் பக்கம் குச்சவெளிச் சபை. காணி உறுதி, நில அளவைப் படம், தடாகத்தின் வரைபடம் எல்லாம் கையில் இருக்கட்டும். குளோரின் தண்ணீரை எங்கே விடப் போகிறீர்கள் என்பதையும் வரைபடத்தில் காட்டுங்கள், பக்கத்து வீட்டுக் கிணற்றடிக்குப் போனால் சண்டைதான்.

நிலாவெளியான்:
அனுமதியை விட எனக்குப் பாடம் படிப்பித்தது மாரி. மார்கழியில் கழுவலாம் என்று தடாகத்தை முழுக்க இறைத்தேன், விடிய எழும்பிப் பார்த்தால் ஒரு மூலை ஒரு சாண் மேலே வந்து மாபிள் எல்லாம் வெடித்துக் கிடக்கிறது. நம்முடைய மணல் காணியில் மழைக்கு நிலத்தடி நீர் ஏறும், வெறும் தடாகம் தோணி மாதிரி மிதக்கப் பார்க்கும். பொறியியலாளரிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

படவரைஞர்:
சரியான கதை. ஹொட் டப்பும் அப்படித்தான், 1500 லீற்றர் தண்ணீர் என்றாலே ஒன்றரைத் தொன், ஆட்கள் இறங்குவது வேறு. பழைய சிலாப் தாங்குமா என்று பொறியியலாளர் எழுதித் தராமல் மேலே ஏற்றாதீர்கள். அண்ணா திரும்பிப் போன பிறகும் பம்ப் ஓட வேண்டும், தண்ணீர் தேங்கி நுளம்பு பெருகினால் 2007ஆம் ஆண்டு நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தோடு பொதுச் சுகாதாரப் பரிசோதகர் படலையில் நிற்பார்.

நிலாவெளியான்:
சுடுதண்ணீர்தானே, பக்கத்தில் கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறு இருக்கு, அனுமதி எடுக்கத் தேவையில்லை :)

உப்புவெளிக்காரி:
அளவையாளர் வெள்ளிக்கிழமை வருகிறார். கன்னியாக் கதையை அண்ணாவுக்கு அனுப்பிவிட்டேன், நீல டிக் விழுந்து இரண்டு மணித்தியாலம், பதிலைக் காணவில்லை.