இறகைப் பிடுங்கிக்கொள்ளும் கிளி: உங்கள் வீட்டில் என்ன நடந்தது?

லெனேசியாவிலிருந்து:

ஆயா (பாட்டி) தவறிய பிறகு, அவர் வளர்த்த ஆப்பிரிக்கச் சாம்பல் கிளியை டர்பன் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஜோகன்னஸ்பர்க் பக்கம் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். அப்போது ஜூன் மாதம், இங்கே தென்னாப்பிரிக்காவில் குளிர்காலம். மூன்றாவது வாரம் கூண்டுத் தட்டில் விரித்த செய்தித்தாள் முழுக்கச் சாம்பல் பஞ்சு. நடுவே ஒரு சிவப்பு வால் இறகு, தண்டை மென்று நார்நாராக்கியிருந்தது. நெஞ்சு உரித்த கோழிதான். தலை மட்டும் முழுசாக இருந்தது.

"ஆயாவைத் தேடுது" என்றார்கள் எல்லோரும். நானும் நம்பினேன். அது பிடுங்கும்போதெல்லாம் "வேணாம்டா!" என்று ஓடுவேன். அது ஆயாவின் குரலிலேயே "என்னடா?" என்று கேட்கும். அழாமல் என்ன செய்ய?

பறவை டாக்டர் முதலில் தலையைத்தான் பார்த்தார். அங்கே அலகு எட்டாது, அதனால் தானே பிடுங்குகிறது என்றார். தலையிலும் கொட்டியிருந்தால் அலகு-இறகு நோய் வைரஸாக இருக்கலாமாம். இருந்தாலும் இரத்தம் எடுத்துப் பார்த்தார், வைரஸ் இல்லை. அப்புறம் எனக்குத்தான் விசாரணை. தீனி? சூரியகாந்தி விதை மட்டும். அதில் கொழுப்பு அதிகம், வைட்டமின் ஏ குறைவு, தோல் கெடும். தூக்கம்? ஹாலில் டிவி பதினொரு மணிவரை ஓடும். கூண்டு? கேஸ் ஹீட்டர் பக்கத்தில். டர்பனின் ஈரக்காற்றில் வராந்தாவில் இருந்த பறவை அது. இங்கே 1,600 மீட்டருக்கு மேல் உயரம், குளிர்காலத்தில் மழையே இருக்காது, நம் உதடே வெடிக்கிறது. கடைசியாக, "பிடுங்கினால் நீங்கள் ஓடிவருவீர்கள் என்று அதற்குத் தெரிந்துவிட்டது" என்றார். அதுதான் சுட்டது.

கூண்டைப் பின்னறைக்கு மாற்றி, இரவு ஏழு முதல் காலை ஆறுவரை இருட்டு. காலையில் வெதுவெதுப்பான தண்ணீர் தெளிப்பு. பூசணி, கேரட், சர்க்கரைவள்ளிக் கிழங்கு. விதையைக் குறைக்கவே இரண்டு மாதம் ஆனது. கிழித்துப்போட அட்டைப்பெட்டி. அட்டையைக் கிழித்தால் பேசுவேன், இறகைப் பிடுங்கினால் திரும்பிக்கொள்வேன். எல்லாவற்றிலும் கஷ்டம் இதுதான். செப்டம்பரில் முள் மாதிரி புது இறகு வந்தது. பாதியை மறுபடி பிடுங்கிவிட்டது. இடது நெஞ்சில் ஒரு திட்டு இரண்டு வருடமாகியும் மூடவில்லை. வேர்க்குழி கெட்டுப்போனதாம், இனி முளைக்காது.

டர்பன், ஃபீனிக்ஸிலிருந்து:

அக்கா, எங்கள் வீட்டில் நேர் தலைகீழ். லவ்பேர்ட்ஸ் ஜோடியில் ஒன்றுக்கு உடம்பெல்லாம் நல்லா இருந்தது, தலை மட்டும் மொட்டை. சத்துக் குறைவென்று கணவாய் ஓடு, மருந்து என்று காசைக் கொட்டினேன். ஒரு நாள் பார்த்தால் பக்கத்திலிருப்பது சாவகாசமாகப் பிடுங்கிக்கொண்டிருக்கிறது! நடுவில் கம்பி வைத்துப் பிரித்தேன். மருந்தில்லாமலே முளைத்தது.

பிரிட்டோரியா, லாடியத்திலிருந்து:

கூண்டையும் பாருங்கள். நாங்கள் வாங்கிய புதுக் கூண்டு துத்தநாகம் பூசியது. கிளி நாள் முழுக்கக் கம்பியைக் கடித்தது. பிடுங்கல், வாந்தி, சோர்வு. இரத்தத்தில் துத்தநாகம் ஏறியிருந்தது. இப்போது துருப்பிடிக்காத எஃகுக் கூண்டு, விலைதான் கொள்ளை. அக்கா, கழுத்தில் மாட்டும் கூம்பு போட்டீர்களா?

லெனேசியாவிலிருந்து:

இல்லை தம்பி. சதையைக் கடித்து இரத்தம் வந்தால் மட்டும் போடலாம் என்றார் டாக்டர். கூம்பு அலகைத்தான் தடுக்கும், காரணம் அப்படியே இருக்கும். நேற்று செய்தித்தாளில் இரண்டே இறகு, இரண்டும் தானாக உதிர்ந்தவை, தண்டு முழுசாக இருந்தது.