சுத்தம் செய்த இரண்டாம் நாள் மீன் தொட்டி பால் மாதிரி ஆகுது – மார்த்தாண்டம், கிணற்றுத் தண்ணீர்

குழித்துறை_ஏஞ்சல்:
அண்ணன்மாருக்கு வணக்கம். தொட்டி 3 அடி நீளம், 1 அடி அகலம், ஒன்றரை அடி உயரம். டாப் பில்டர். 4 ஏஞ்சல் மீன், 10 டெட்ரா மீன். மாசம் ஒரு தடவை மீனை வாளியில மாத்தி, தண்ணி முழுக்க இறக்கி, கல்லையும் ஸ்பாஞ்சையும் பஞ்சாயத்து பைப்புல நல்லா அலசி, கிணத்துத் தண்ணி நிரப்புவேன். ரெண்டாம் நாள் வெள்ளையா கலங்குது, மீன் மேல வந்து வாயைப் பிளக்குது. பிஎச் 6.0, அம்மோனியா 1 பிபிஎம், நைட்ரைட் 0.5. கடையில நீல மருந்து ஊத்தச் சொன்னாங்க. ஊத்தலாமா?

தோவாளை_நன்னீர்:
நீல மருந்து வேண்டாம் தம்பி. மெத்திலின் ப்ளூ பில்டர்ல மிச்சம் இருக்குற நல்ல பாக்டீரியாவையும் கெடுத்துடும். அந்த பாக்டீரியாதான் அம்மோனியாவை நைட்ரைட்டாவும், அதை நைட்ரேட்டாவும் மாத்துது. அது வாழ்றது தண்ணியில இல்ல, ஸ்பாஞ்ச், செராமிக் ரிங், கல் இதுல ஒட்டிக்கிட்டு. பைப்புத் தண்ணியில குளோரின் இருக்கும். அதுல அலசினா மாசாமாசம் புதுத் தொட்டி ஆரம்பிக்குற கணக்கு. வெள்ளைக் கலங்கல் வேற வகை பாக்டீரியா, மளமளன்னு பெருகி ஆக்சிஜனைத் தின்னுது. மீன் மேல வர்றது அதனாலயும் நைட்ரைட்டாலயும்தான்.

இப்போ செய்ய வேண்டியது: ஏர் ஸ்டோன் (காத்துக் குமிழி விடுற கல்) ராத்திரி பகல் ஓடட்டும். ரெண்டு நாள் தீனி போடாதே. தினமும் கால்பங்கு தண்ணி மட்டும் மாத்து. உன் தொட்டி அளவுக்கு 127 லிட்டர் வரும், கல்லும் மேல விட்ட இடமும் கழிச்சா 110 வை. அப்போ 15 லிட்டர் வாளி ரெண்டு போதும். நைட்ரைட்டுக்கு 20 கிராம் கல்லுப்பு ஒரு மக்குல கரைச்சு ஊத்து. புத்தளம் உப்பளத்து உப்பே போதும். உப்புல உள்ள குளோரைடு, செவுள் வழியா நைட்ரைட் ரத்தத்துல ஏறுறதைத் தடுக்கும். அடுத்தடுத்த நாள் மாத்துற தண்ணிக்கு மட்டும் வாளிக்கு 3 கிராம் சேர்.

விளவங்கோடு_தெளிநீர்:
மேல சொன்னது சரி. ஒண்ணு மட்டும் கெட்டியா பிடிச்சுக்க மக்கா: இன்னைக்கு பிஎச்சை ஏத்தாதே. 6.0-ல அந்த 1 பிபிஎம் அம்மோனியா ஏறக்குறைய எல்லாமே அம்மோனியமா இருக்கு, மீனுக்குப் பெரிய கெடுதல் இல்ல. பிஎச் 7-லிருந்து 8-க்குப் போனா விஷமுள்ள பங்கு கிட்டத்தட்ட பத்து மடங்கு ஆகும். அவசரப்பட்டு ஆப்பசோடா போட்டா காலையில மீன் மிதக்கும்.

அம்மோனியா 0.25-க்குக் கீழ வந்தப்புறம்தான் கேஎச் (பிஎச் சரியாம தாங்குற கார்பனேட் சத்து) பக்கம் போகணும். நம்ம மேற்குப் பக்கம் செம்மண், வெட்டுக்கல் பூமி. சுண்ணாம்புச் சத்து கம்மி, கிணத்துத் தண்ணி மென்மையா, புளிப்பா வரும். பாக்டீரியா வேலை செய்யும்போது கேஎச்சைத் தின்னும். அது தீர்ந்தா பிஎச் சரியும், பிஎச் 6-க்குக் கீழ போனா பாக்டீரியா மந்தமாகும். ஏஞ்சலுக்கும் டெட்ராவுக்கும் 6.5 நல்லாவே ஒத்துவரும், ஆனா ஆடக் கூடாது. கிளிஞ்சல் ஒரு கைப்பிடி கொதிக்க வச்சு, வலைப்பையில கட்டி பில்டர்ல போடு. மெதுவா கரையும், தானா நிக்கும். சோடாதான் வேணும்னா 50 லிட்டருக்கு அரை டீஸ்பூன், கேஎச் ஏறக்குறைய 2 கூடும். புதுசா ஊத்துற தண்ணியிலயே கரைச்சு ஊத்து, தொட்டியில நேரா கொட்டாதே.

இன்னொண்ணு, இறைச்ச கையோட கிணத்துத் தண்ணியில கரியமில வாயு அதிகம், பிஎச் குறைச்சலா காட்டும். ஒரு நாள் ஏர் ஸ்டோன் போட்டு வச்சு அளந்தாதான் உண்மை.

குழித்துறை_ஏஞ்சல்:
ரொம்ப நன்றி. அப்போ வாராவாரம் எப்படி? கல்லைக் கழுவவே வேண்டாமா?

தோவாளை_நன்னீர்:
வெளியே எடுக்கவே வேண்டாம். முதல்ல பிளக்கைப் பிடுங்கு, அப்புறம்தான் தண்ணிக்குள்ள கை. சைபன் (தண்ணி உறிஞ்சி இறக்குற குழாய்) வாயைக் கல்லுக்குள்ள ஒரு அங்குலம் குத்தினா அழுக்கு சுழண்டு மேல வரும், கல் தானா கீழ விழும். இந்த வாரம் வலப்பாதி, அடுத்த வாரம் இடப்பாதி. இறக்கின அழுக்குத் தண்ணி வாளியிலயே ஸ்பாஞ்சை ரெண்டு மூணு தடவை பிழி. பழுப்பு நிறம் கொஞ்சம் இருக்கட்டும், வெளுக்கப் பிழியாதே. பில்டர் ஓட்டம் குறைஞ்சாதான் இதுவும். செராமிக் ரிங்கை அதே நாள்ல தொடாதே.

ஊத்துற தண்ணிக்கும் தொட்டிக்கும் சூடு 2 டிகிரிக்குள்ள இருக்கணும். மொட்டைமாடி டேங்க்ல மதியம் பிடிச்சா கொதிக்கும், காலையில பிடி. மழைக்காலத்துல கிணத்துக்கு பிளீச்சிங் பவுடர் போட்டிருந்தா அந்தத் தண்ணியையும் குளோரின் தண்ணியாவே நினை, ஆன்டி குளோரின் போடாம ஊத்தாதே. ஆனா அது அம்மோனியாவை எடுக்கும்னு நம்பாதே, ஆன்டி குளோரின்னு விக்குற சாதா ஹைப்போ குளோரினை மட்டும்தான் முறிக்கும்.

மணவாளக்குறிச்சி_கரை:
கல் மாத்துற எண்ணம் இருந்தா கடற்கரை மணலை மட்டும் அள்ளாதீங்க. அதுல சிப்பித்தூள் எவ்வளவு கலந்திருக்குன்னு கணக்கு கிடையாது, கேஎச் கட்டுப்பாடு இல்லாம ஏறும். எங்க பக்கத்துக் கருமணல்ல கனிமம் வேற.

கரண்ட் ரெண்டு மூணு மணி நேரம் போனா பேட்டரி ஏர் பம்ப் போடுங்க. அஞ்சாறு மணி நேரம் பில்டர் நின்னுட்டா நேரா சுவிட்ச் போடாதீங்க. உள்ளே தேங்கின தண்ணியைக் கொட்டி, ஸ்பாஞ்சைத் தொட்டித் தண்ணியில ஒரு தடவை முக்கி எடுத்துட்டு ஓட விடுங்க.