மறு: பின்பனியா, பின்பட்டமா? – எல்க் வேட்டைச் சொற்கள்

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம்.

> ‘லேட் சீசன் மெச்சூர் புல் எல்க்’ என்பதைப் ‘பின்பனிக்காலக் கிழக்கடமான்’ என்று ஆளலாமா?

வேட்டைக் காலத்தின் கடைசிப் பகுதியில் காணும் மூத்த ஆண் எல்க் மான் என்பதே அந்த ஆங்கிலத் தொடரின் பொருள். ஐயா, உங்கள் பரிந்துரை வாய்க்கு இதமாக இருக்கிறது. ஆனால் அதன் மூன்று பகுதிகளும் வாசகரைத் தவறான இடத்தில் கொண்டுபோய் விடும் என்று அஞ்சுகிறேன். நான் அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் எட்டுக் குளிர்காலம் வாழ்ந்தவன். துப்பாக்கி எடுத்ததில்லை. வேட்டைக்குப் போகும் பக்கத்து வீட்டுப் பெரியவரோடு, விடியுமுன் மலைமுகட்டில் உட்கார்ந்து தொலைநோக்கியில் பார்த்திருக்கிறேன். அந்த அனுபவத்தை வைத்தே எழுதுகிறேன்.

முதலில் விலங்கின் பெயர். கடமான் நம் காட்டு விலங்கு. இலங்கையில் அதையே மரை என்பார்கள். இங்கே பேசப்படும் எல்க் வட அமெரிக்காவின் பெரிய மான்; அது வேறு இனம். இந்தக் குழப்பம் நம்மால் வந்ததில்லை. இலங்கையில் இருந்த ஆங்கிலேய வேட்டைக்காரர்கள் மரையைப் பார்த்து எல்க் என்றார்கள். பழைய அகராதிகளிலும் ‘கடமை’ என்ற சொல்லுக்கு எல்க் என்ற பொருள் ஏறிவிட்டது. ஐரோப்பாவிலோ எல்க் என்றால் மூஸ் என்ற வேறொரு பெரிய மான். ஆக, ஒரே சொல் மூன்று கண்டங்களில் மூன்று விலங்குகளைக் குறிக்கிறது. கொம்பைப் பார்த்தாலே வேறுபாடு தெரியும்: வளர்ந்த கடமானுக்கு ஒரு பக்கத்தில் மூன்று முனை, அமெரிக்க விலங்குக்கு வழக்கமாக ஆறு. ஷானி பழங்குடியினர் அதன் வெளிறிய பின்புறத்தை வைத்து இட்ட பெயர் வாப்பிட்டி. அந்தப் பெயரையே நாமும் எடுத்துக்கொள்வோம். அந்த மண்ணின் மக்கள் வைத்த பெயர் என்பதோடு, எந்தக் குழப்பத்துக்கும் அதில் இடமில்லை.

‘கிழ’ என்ற அடையை நான் ஏற்கவே மாட்டேன். கிழம் என்றால் தளர்ச்சி. இங்கே பேசப்படுவது உச்சத்தில் நிற்கும் ஆண். எட்டு ஒன்பது வயதைத் தாண்டும்போதுதான் அதன் கொம்பு முழு வளம் பெறுகிறது. உடல் எடை முந்நூறு கிலோவைத் தாண்டும். ‘மூத்த’ போதும். ஆணுக்குக் ‘கலை’ என்று நேற்று ஒருவர் சொல்லியிருந்தார். கலைமான் என்று ஓர் இனமே வழக்கில் இருப்பதால் அது சிக்கல். மரபியல் என்ற இயலில் தொல்காப்பியர் புல்வாய், உழை, மரை ஆகிய மான் வகைகளின் ஆணுக்கு ‘ஒருத்தல்’ என்ற பெயரையும் தருகிறார். மானுக்கும் உரிய சொல்; கனமும் உண்டு. ஆணுக்கு மூத்த ஒருத்தல், பெண்ணுக்குப் பிணை, குட்டிக்குக் கன்று என்று வைத்தால் ஒரு மந்தையே தமிழில் அடங்கிவிடும்.

இனி, நான் நெடுநேரம் யோசித்த சொல்: லேட் சீசன்.

பின்பனி என்றால் மாசியும் பங்குனியும். மொன்டானாவில் பொதுத் துப்பாக்கி வேட்டை அக்டோபர் பின்பகுதியில் தொடங்கி, நவம்பரில் நன்றி நவிலும் நாளுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை முடிகிறது. அது நமக்குக் கார்த்திகை. மாதக் கணக்கு பொருந்தாதது ஒருபுறம் இருக்க, இங்கே ‘சீசன்’ என்பது வானிலையே அல்ல. அரசு வேட்டைக்கு என்று திறந்துவைக்கும் காலம். ‘கடைப்பருவம்’ என்று அம்மா ஒருவர் பரிந்துரைத்ததும் அதே இடத்தில் இடறுகிறது. என் மொழிபெயர்ப்பில் அதைப் போட்டுப் பார்த்தேன்: “இணைசேரும் பருவம் முடிந்து, பனிப்பருவம் தொடங்கிய பின், வேட்டைப் பருவத்தின் கடைசியில், பருவம் முதிர்ந்த ஆண்...” ஒரே வாக்கியத்தில் நான்கு பருவம். படிப்பவர் எதைப் பிடித்துக்கொள்வார்?

நம் உழவரிடம் இதற்குச் சொல் இருக்கிறது: பட்டம். ஆடிப்பட்டம், தைப்பட்டம் என்கிறோம். ஒரு வேலையைச் செய்வதற்கென்று வகுத்த காலமே பட்டம். முன்பட்டம், பின்பட்டம் என்று பிரித்துச் சொல்லும் வழக்கமும் வயலில் உண்டு. ஆகவே வேட்டைப்பட்டம், அதன் இறுதிப் பகுதி பின்பட்டம். ‘பின்பட்ட வேட்டை’ என்றதும் காலம் கடந்து விதைப்பவனின் பதற்றமும் சேர்ந்து காதில் விழுகிறது. அந்த முகட்டில் பெரியவரிடம் நான் கண்டதும் அதே பதற்றம்தான்.

ஸ்கவுட்டிங், அதாவது விலங்கு எங்கே இருக்கிறது என்று முன்கூட்டியே தேடிப் பார்ப்பது, என்பதற்கு ‘வேவு’ வேண்டாம். வேவு பகைவனுக்கு உரியது. ‘தடம் பார்த்தல்’ முன்பட்டத்துக்குப் பொருந்தும். செப்டம்பரில் இணைசேரும் நாட்களில் ஒருத்தல் சீழ்க்கை போல நீண்ட ஒலி எழுப்பித் தன் இருப்பைத் தானே அறிவிக்கும். ஒலியையும் தடத்தையும் தொடர்ந்து போகலாம். பின்பட்டத்தில் கதை முற்றிலும் வேறு. இணைசேரும் நாட்களில் ஓயாமல் போராடியதில் அதன் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குகூடக் குறைந்திருக்கும். குளிர்காலம் முழுவதையும் தாண்ட வேண்டும். அதனால் பிணைகளை விட்டு விலகி, தனியாகவோ இரண்டு மூன்று ஆண்களோடோ, மனிதன் எளிதில் ஏறமுடியாத மடிப்புகளில் ஒதுங்கிவிடுகிறது. பிணைகளும் கன்றுகளும் ஆழமான பனிக்கு அஞ்சிக் கீழே இறங்கிய பிறகும் மூத்த ஒருத்தல் மேலேயே நிற்கும். பகலில் வடக்குச் சரிவின் அடர்ந்த மரங்களுக்குள் படுத்துக்கொள்ளும். விடியலிலும் அந்தியிலும் மட்டும், வெயிலில் பனி கரைந்த தெற்குச் சரிவில் புல் மேய வெளியே வரும். இரை, மறைவிடம் இரண்டும் சில நூறு அடிக்குள் இருந்தால் அதற்கு அதுவே போதும்.

அப்படிப்பட்ட இடத்துக்குள் தடம் பார்க்கிறேன் என்று நடந்து போனால், மோப்பம் பிடித்து மலையையே மாற்றிக்கொள்ளும். எதிர்ச்சரிவில் தொலைவில் அமர்ந்து, முக்காலித் தாங்கியில் தொலைநோக்கியைப் பொருத்தி, ஒவ்வொரு திட்டாக மணிக்கணக்கில் பார்ப்பதுதான் வழி. அந்தப் பெரியவர் ஒரு சரிவை இடமிருந்து வலம், மேலிருந்து கீழ் என்று பார்த்து முடித்த பிறகு, மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவார். மரத்தின் அடியில் கிடைமட்டமாக ஒரு கோடு தெரிகிறதா என்று தேடு, மரங்கள் நெடுக்காகவே நிற்கும், விலங்கின் முதுகுதான் குறுக்கே ஓடும் என்றார். இரண்டாம் நாள் அந்தியில்தான் எனக்கு அந்தக் கோடு தெரிந்தது. கோடு தலை தூக்கியபோது கொம்பும் தெரிந்தது.

இப்படித் தொலைவில் இருந்து பார்ப்பதற்கு ‘நோட்டம்’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். நோட்டம் பார்த்தல் இன்றும் பேச்சில் இருக்கிறது. காசின் மாற்றை, அதாவது உலோகத் தரத்தை, ஆராய்ந்து சொல்பவரை நோட்டக்காரர் என்றதும் உண்டு. நின்று நிதானமாகப் பார்த்துத் தரம் காண்பது என்ற பொருள் அதில் ஏற்கெனவே இருக்கிறது. தொலைநோக்கியில் தெரிவது இளம் ஆணா மூத்த ஒருத்தலா என்று தீர்மானிப்பதும் மாற்றுக் காண்பது போன்ற வேலைதான்.

தெர்மல் காற்றுக்குப் புதுச்சொல் தேவையில்லை. பள்ளிப் புவியியல் பாடத்தின் பள்ளத்தாக்குக் காற்றும் மலைக்காற்றும் அதேதான்: பகலில் சூடேறி மேலே வீசுவது முந்தையது, அந்திக்குப் பின் குளிர்ந்து கீழே இறங்குவது பிந்தையது. நம் வாடையை விலங்கிடம் கொண்டுபோவது அந்தக் காற்று என்பதால், நோட்டத்துக்கு எங்கே உட்காரலாம் என்பதை அதுவே தீர்மானிக்கும். தானாக விழும் கொம்புக்கு ‘உதிர்கொம்பு’ பொருந்தும். மூத்த ஒருத்தலுக்கு மார்ச், ஏப்ரலில்தான் கொம்பு உதிர்கிறது. பின்பட்டம் முழுவதும் தலையில்தான் இருக்கும். வயோமிங் மாநிலத்தில் 1912இல் நிறுவிய தேசிய எல்க் காப்பகத்துக்குப் பக்கத்தில், ஜாக்சன் நகரச் சதுக்கத்தின் நான்கு மூலைகளிலும் உதிர்கொம்புகளால் கட்டிய வளைவுகள் நிற்கின்றன.

வேட்டையைப் பற்றி எழுதவே வேண்டுமா என்று கேட்ட நண்பருக்கு: 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு நம் நாட்டில் வேட்டை படிப்படியாகத் தடைசெய்யப்பட்டது. அது நல்லதே. ஆனால் காட்டை உற்று நோக்கிய சொற்களும் கூடவே மறைந்துகொண்டிருக்கின்றன. கணக்கெடுப்புக்குப் போகும் வனத்துறை ஊழியருக்கும் நோட்டமும் ஒருத்தலும் தேவைப்படும்.

ஒன்று மட்டும் எனக்கு அகப்படவில்லை. வாப்பிட்டி முன்னங்காலால் பனியைப் பறித்துக் குழியாக்கி, அடியில் உள்ள புல்லை மேயும். அந்தச் செயலுக்கும் அந்தக் குழிக்கும் ஒரு சொல் வேண்டும். ஆடு படுக்குமுன் மண்ணைக் காலால் பறிக்குமே, அதை ஆடு மேய்க்கும் கீதாரிகள் என்னவென்று சொல்வார்கள்? இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்து நண்பர்கள் கிடையில் கேட்டு எழுதினால், அதையே பட்டியலில் சேர்த்துவிடுகிறேன்.

அன்புடன்,
ஒரு மொழிபெயர்ப்பாளன்