ராத்திரி பத்து மணிக்கு வார்டில் யார் இருப்பார்கள்?

சாட்ஸ்வர்த்திலிருந்து:

இங்கே டர்பனில் எங்கள் தெருவில் நர்சிங் படித்த ஒரு பெண் இந்த டிசம்பரோடு சமூகச் சேவை வருஷத்தை முடிக்கிறாள். கையில் இரண்டு வேலை. ஒன்று தனியார் மருத்துவமனை, சம்பளம் கொஞ்சம் கூடுதல். இன்னொன்று அரசு மருத்துவமனையில் ஒரு வருஷ ஒப்பந்தம். "அக்கா, எதுக்குப் போறது?" என்று நேற்று வந்து கேட்டாள். அவளுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன். உங்களுக்கு நேர்ந்ததையும் எழுதுங்கள், அவள் படிப்பாள்.

வெளிநாட்டிலிருந்து படிப்பவர்களுக்கு: தென்னாப்பிரிக்காவில் நர்சிங் படித்து முடித்ததும் நினைத்த இடத்தில் சேர்ந்துவிட முடியாது. 2008 முதல் எல்லோரும் ஒரு வருஷம் அரசு இடத்தில் சமூகச் சேவை செய்தாக வேண்டும். அதை முடித்தால்தான் நர்சிங் கவுன்சிலில் முழுப் பதிவு. எந்த ஊர் வேண்டும் என்று விருப்பம் எழுதலாம், ஆனால் முடிவு நம் கையில் இல்லை. நாமாகத் தேர்ந்தெடுப்பது அதற்கு அப்புறம்தான். அந்த நேரத்தில் அரசில் காலியிடம் கிடைப்பது பெரும்பாடு. அதனால் முதலில் வந்த வேலையை இறுகப் பிடித்துக்கொள்கிறோம். நானும் அப்படித்தான் செய்தேன்.

நான் சேர்ந்தது ஒரு தனியார் மருத்துவமனை. நேர்காணலுக்குப் போன அன்று தரை கண்ணாடி மாதிரி இருந்தது, கட்டிலெல்லாம் புதுசு. அம்மா சாமி படத்துக்கு முன்னால் நியமனக் கடிதத்தை வைத்துக் கும்பிட்டாள். அப்பா கோவிலில் நாகஸ்வரம் வாசிப்பவர், தஞ்சாவூர்ப் பக்கமிருந்து வந்தவர். எனக்கு நிரந்தர வேலை கிடைத்ததில் அவருக்கு அவ்வளவு நிம்மதி. நான் அங்கே ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. கேட்டால் வேலையைத் தராமல் போய்விடுவார்களோ என்று பயம்.

மூன்றாவது வாரமே இரவுப் பணி. ஏழு மணிக்கு ஏழு மணி, பன்னிரண்டு மணி நேரம். அறுவை சிகிச்சை வார்டு, 24 படுக்கை. என்னோடு ஒரு மூத்த சிஸ்டர் இருந்தார். ஒன்பது மணிக்கு ஐசியுவில் ஆள் பற்றவில்லை என்று அவரைக் கூட்டிப் போனார்கள். "ரெண்டு மணி நேரத்துல அனுப்பிடுவோம்" என்றார்கள். போகும்போது சாவிக்கொத்தை என் கையில் வைத்துவிட்டுப் போனார். மருந்து அலமாரிச் சாவி, மார்ஃபின் எல்லாம் பூட்டி வைத்திருக்கும் பெட்டியின் சாவி. முழுப் பதிவு பெற்ற நர்சுக்கு அடையாளமான மெரூன் பட்டையைத் தோளில் குத்தி இன்னும் ஒரு மாதம் ஆகவில்லை. அந்தச் சாவிக்கொத்து பையில் கனத்த கனம் இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. மீதி இருந்தது ஒரு ஸ்டாஃப் நர்சும் (இங்கே அது சிஸ்டருக்குக் கீழ்ப் படி), ஏஜென்சியிலிருந்து அன்றைக்கு மட்டும் வந்த ஒரு உதவியாளரும்.

இரண்டு மணி வாக்கில் இடுப்பு மூட்டு மாற்றிய ஒரு பெரியவர் வலிக்கிறது என்று மணி அடித்தார். மார்ஃபின் எடுக்கச் சாவியோடு கிளம்பியவள், எதற்கும் ரத்த அழுத்தத்தை ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று திரும்பினேன். 84க்கு 50, ரொம்பக் குறைவு. போர்வையை விலக்கினால், காயத்திலிருந்து வடியும் ரத்தம் சேரும் டிரெயின் பாட்டில் கழுத்துவரை நிறைந்திருந்தது, கட்டு நனைந்து விரிப்பு வரை சிவப்பு. பாட்டி சொல்வாளே, ஈரக்குலை நடுங்குகிறது என்று, அதை அன்றைக்குத்தான் அறிந்தேன். ஒரு கையால் கட்டை அழுத்திக்கொண்டு மறு கையால் சர்ஜனுக்குப் போன் போட்டேன். இரவு சூப்பர்வைசர் நான்கு வார்டுக்கு ஒருவர். அவர் வந்து சேர இருபது நிமிஷம். அதற்குள் வேறு மூன்று அறையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது.

பெரியவர் பிழைத்தார். நான்கு மணிக்கு ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள். காலையில் பணி மாற்றும்போது மேலாளர் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: மூன்று மணி அட்டவணையில் மற்ற நோயாளிகளின் கட்டங்கள் ஏன் காலியாக இருக்கின்றன? அந்தக் கேள்வி தப்பில்லை. காலியாகத்தான் இருந்தது. ஆனால் மூன்று வார நர்சை ஏன் தனியாக விட்டோம் என்று அந்த அறையில் யாரும் கேட்கவில்லை. எட்டு மாதம் தாக்குப்பிடித்தேன், அப்புறம் விட்டுவிட்டேன்.

இப்போது இருப்பது அரசு மருத்துவமனை. லிஃப்ட் பாதி நாள் ஓடாது, சில ராத்திரி விரிப்பு பற்றாது. நோயாளிக் கூட்டமோ சொல்லி மாளாது. ஆனால் இங்கே முதன்முதலாக ரத்தம் ஏற்றிய அன்று வார்டு சிஸ்டர் முதல் கால் மணி நேரமும் கட்டில் பக்கத்தை விட்டு நகரவில்லை. என்னைச் செய்ய விட்டார், தானும் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத் தொழில் வந்தது அப்படித்தான்.

அதனால் அந்தப் பெண்ணிடம் சொன்னேன்: சம்பளத்தைக் கேள், விடுப்பைக் கேள், எல்லாம் சரி. முக்கியமாகச் சாயங்காலம் ஆறரைக்குப் போய் வார்டு வாசலில் நின்று பார். பணி மாற்றும் நேரத்தில் வார்டின் உண்மை முகம் தெரிந்துவிடும். புதிதாக வருபவரை எத்தனை வாரம் ஆள் கணக்கில் சேர்க்காமல் கூட வைத்துக்கொள்வீர்கள், ராத்திரி அந்த வார்டில் மூத்தவர் யார், அவரை வேறு இடத்துக்கு இழுத்தால் யார் வருவார் என்று கேள். கேட்டதற்காக வேலை போகிறது என்றால் போகட்டும்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து:

மகளே, படித்துவிட்டு வெகு நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். நான் ஓய்வு பெற்ற சிஸ்டர். எங்கள் காலத்தில், அந்த நிறவெறி ஆட்சியில், எந்த மருத்துவமனை என்று தேர்ந்தெடுக்கும் பேச்சே கிடையாது. நோயாளிக்கும் நர்சுக்கும் நிறம் பார்த்துத்தான் இடம். ஒரே வேலைக்கு வெள்ளைக்கார நர்சுக்கு ஒரு சம்பளம், எங்களுக்கு அதைவிடக் குறைவு. 1969இல் சாட்ஸ்வர்த்தில் ஆர்.கே. கான் மருத்துவமனை திறந்தபோது, நம் ஜனங்களுக்குப் பக்கத்திலேயே பெரிய ஆஸ்பத்திரி வந்துவிட்டது என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இன்றைக்கு உங்களுக்குத் தேர்ந்தெடுக்க முடிகிறது, அதைக் கண்ணை மூடிக்கொண்டு விட்டுவிடாதீர்கள்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். தனியார் என்றாலே இப்படித்தான் என்று அந்தப் பிள்ளை நினைத்துவிடக் கூடாது. கடைசி ஏழு வருஷம் நான் தனியாரில்தான் இருந்தேன். அங்கே புதியவர்களைக் கூட நின்று பழக்குவதற்கென்றே ஒரு சிஸ்டர் இருந்தார், தங்கமான மனுஷி. ஒரே கட்டிடத்தில்கூட வார்டுக்கு வார்டு மாறும். எந்த மருத்துவமனை என்பதோடு எந்த வார்டு, பொறுப்பு சிஸ்டர் யார் என்றும் கேட்கச் சொல்லுங்கள்.

லேடிஸ்மித்திலிருந்து:

என் சமூகச் சேவை வருஷம் டுகேலா ஃபெர்ரியில். டர்பனிலிருந்து காரில் மூன்று மணி நேரம். ஊர்ப் பெயரைக் கேட்டதும் அம்மா அழ ஆரம்பித்துவிட்டாள். காரணம் இருந்தது. 2006இல் உலகமே பேசிய அந்தக் கடுமையான, மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய் வெளிப்பட்டது அங்கேதான். முதலில் கண்டறிந்த 53 பேரில் 52 பேர் இறந்துபோனார்கள்.

பயந்துகொண்டேதான் போனேன். முதல் நாளே ஒரு ஜூலு சிஸ்டர் என்95 முகக்கவசத்தை என் முகத்தில் வைத்து, மூக்குக் கம்பியை இரண்டு விரலால் அழுத்திவிட்டு, "ஊது" என்றார். ஓரத்தில் காற்று கசிந்தது. வேறு அளவு எடுத்து வந்தார். மூன்றாவதுதான் பொருந்தியது. அது வரைக்கும் என்னை வார்டுக்குள் விடவில்லை. குளிர்காலத்திலும் ஜன்னலைச் சாத்தக் கூடாது என்பதையும் அவர்தான் சொல்லிக்கொடுத்தார். "குபுஹ்லுங்கு குபி?" எங்கே வலிக்கிறது என்று ஜூலுவில் கேட்கக் கற்றதும் அவரிடம்தான். கோகோக்கள், அதாவது பாட்டிமார்கள், நான் பேசும் ஜூலுவைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே கையைப் பிடித்துக்கொள்வார்கள்.

ஒரு நடுராத்திரி எனக்கு ஊசி குத்திவிட்டது. ஹெச்ஐவி உள்ள நோயாளி. கை நடுங்க ஓடினேன். அந்த ஜூலு சிஸ்டரே கழுவ வைத்து, டாக்டரை எழுப்பி, அரை மணி நேரத்தில் தொற்றைத் தடுக்கும் முதல் மாத்திரையை விழுங்க வைத்தார். 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. 28 நாளும் "சாப்பிட்டாயா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அதனால் நான் எங்கே நேர்காணலுக்குப் போனாலும் கேட்பது இதைத்தான்: ராத்திரி இரண்டு மணிக்கு ஊசி குத்தினால் யாரிடம் போக வேண்டும், மாத்திரை எங்கே இருக்கிறது? ஓரிடத்தில் "காலையில பார்த்துக்கலாம்" என்றார்கள். அங்கே நான் சேரவில்லை.

அப்புறம் இன்னொன்று. மாலை ஆறு மணிக்கு மேல் காலை ஆறு மணிக்குள் வேலை வாங்கினால், போக வர வண்டி வசதி இருக்கிறதா என்று பார்ப்பது முதலாளியின் பொறுப்பு, சட்டமே அப்படித்தான். கூச்சப்படாமல் கேட்கச் சொல்லுங்கள்.

சாட்ஸ்வர்த்திலிருந்து:

அம்மா, நீங்கள் சொன்னது சரி. வார்டையும் சேர்த்துக் கேட்கச் சொன்னேன். லேடிஸ்மித் தங்கை எழுதியதை அவள் இரண்டு தடவை படித்தாளாம்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் தனியாருக்கும், மறுநாள் அரசு மருத்துவமனைக்கும் போய்வந்தாள். முதல் இடத்தில் வரவேற்பில் இருந்தவர்கள் வார்டுக்குள் விட முடியாது என்று சொல்லிவிட்டார்கள். நோயாளிகளின் அந்தரங்கம் என்று ஒன்று இருக்கிறது, அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ராத்திரி யார் இருப்பார் என்ற கேள்விக்கு, சேர்ந்த பிறகு தெரியும் என்றார்களாம். இரண்டாவது இடத்தில் பொறுப்பு சிஸ்டரே வாசலுக்கு வந்து பேசினார். ராத்திரிக்கு யார் என்று கேட்டதும் சுவரில் ஒட்டியிருந்த பணிப் பட்டியலைக் காட்டினார்.

"ஒவ்வொரு ராத்திரிக்கும் ரெண்டு சிஸ்டர் பேர் இருந்துச்சு அக்கா. முதல் ஆறு வாரம் என் பேரை அதுக்குக் கீழ தனியா பென்சில்ல எழுதுவாங்களாம், கணக்குல சேர்க்க மாட்டாங்களாம்" என்று போனில் சொன்னாள். வெள்ளிக்கிழமை அங்கே கையெழுத்துப் போடுகிறாள். கவுன்சிலுக்கு டிசம்பர் 31க்குள் ஆண்டுக் கட்டணம் கட்ட மறந்துவிடாதே என்று சொல்லி வைத்திருக்கிறேன்.