மறு: முட்டையில்லா மயோனேஸுக்குத் தமிழில் என்ன பெயர்?

கலைச்சொல் குழும அன்பர்களுக்கு வணக்கம்.

இழை நீண்டு, இப்போது ‘சாஸ்’ என்பதை அப்படியே எழுதலாமா கூடாதா என்ற இடத்தில் வந்து நிற்கிறது. இங்கே மொரீஷியஸின் கத்ர் போர்ன் ஊரிலிருந்து எழுதும் அக்கா கேட்டதற்கு மட்டும் இன்னும் யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை. அவர் மடலை மறுபடி ஒட்டுகிறேன்.

> தைப்பூச விரத நாள்களில் தவிர்க்க வேண்டியவற்றைக் கோயில் பலகையில் எழுதிப் போடுகிறோம். மயோனேஸ் என்று எழுதினால், முட்டை சேராததும் கடையில் இருக்கிறதே, அது எந்தக் கணக்கு என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். அதை மயோனேஸ் என்று சொல்வதே சரியா? இல்லையென்றால் தமிழில் என்ன எழுதுவது?

விரதத்துக்கு ஆகுமா ஆகாதா என்பதைக் குருக்களிடம் விட்டுவிடுவோம். பெயர் நம் பாடு.

> ‘முட்டைப் பால்மம்’ என்று வைத்துவிடலாமே. பாடநூலில் பால்மம் ஏற்கெனவே இருக்கிறது.

பால்மம் நல்ல சொல். எண்ணெயும் தண்ணீரும் பிரியாமல் கலந்து நிற்கும் எமல்ஷனுக்கு அது ஓரளவு நிலைத்தும்விட்டது. ஆனால் சென்னை நண்பர் அதற்கு முன்னால் முட்டையைக் கொண்டுவந்து வைத்ததும் சிக்கல் தொடங்குகிறது. அக்கா பலகையில் ‘முட்டையில்லா முட்டைப் பால்மம்’ என்று எழுத வேண்டிவரும். அதைப் படித்த பிள்ளைகள் அப்புறம் நம் கலைச்சொல் எதையும் தொடவே மாட்டார்கள்.

பொருளில் என்ன சேர்கிறது என்று பார்த்துப் பெயர் வைப்பதா, அது என்னவாக ஆகிறது என்று பார்த்து வைப்பதா? இந்த இழுபறி அமெரிக்காவில் வழக்கு வரை போயிருக்கிறது. அங்கே மயோனேஸுக்கு அரசு வரையறை உண்டு. எடையில் 65 விழுக்காட்டுக்குக் குறையாத தாவர எண்ணெய், வினிகரோ எலுமிச்சைச் சாறோ ஒரு புளிப்பு, அப்புறம் முட்டை மஞ்சள்கரு. இதில் எது குறைந்தாலும் அந்தப் பெயர் கிடையாது. 2014 இறுதியில், ஹெல்மன்ஸ் மயோனேஸ் விற்கும் யூனிலீவர் நிறுவனம், ‘ஜஸ்ட் மேயோ’ என்ற முட்டையில்லாப் பொருளை விற்ற ஹாம்ப்டன் கிரீக் நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டது. ஜஸ்ட் மேயோவில் முட்டையின் வேலையைச் செய்தது மஞ்சள் பட்டாணிப் புரதம். சட்டத்தில் இருக்கும் சொல் ‘மயோனேஸ்’, எங்கள் புட்டியில் இருப்பது ‘மேயோ’ என்றார்கள் ஹாம்ப்டன் கிரீக்காரர்கள். படித்ததும் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. மேயோ என்று கேட்டு வாங்குகிறவர் வேறு எதை மனத்தில் வைத்துக் கேட்கிறாராம்?

அந்த ஆண்டு முடியும் முன்பே யூனிலீவர் வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆனால் 2015 ஆகஸ்டில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ஹாம்ப்டன் கிரீக்குக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. டிசம்பரில் சமரசம் ஆனது. பெயர் இருந்துவிட்டுப் போகட்டும், முட்டை இல்லை என்பதை முகப்பில் பெரிதாகப் போடு என்று முடிந்தது. வழக்குப் போட்ட யூனிலீவரே 2016-ல் ஹெல்மன்ஸ் பெயரில் முட்டையில்லாத ஒன்றை இறக்கியது. அதன் பெயரில் மயோனேஸ் என்ற சொல்லை மட்டும் கவனமாகத் தவிர்த்துவிட்டார்கள்.

அந்தச் சமரசம் எனக்கு நியாயமாகப் படுகிறது. பெயரைப் பிடுங்கவில்லை, எழுத்தைப் பெரிதாக்கச் சொன்னார்கள். அச்சில் எது எங்கே எந்த வரிசையில் வருகிறது என்பது சின்ன விஷயம் என்று மொரீஷியஸ்காரர் யாரும் சொல்ல மாட்டார். 1998-ல் வந்த புதிய ரூபாய் நோட்டில் தமிழ் வரி இந்திக்குக் கீழே இறங்கியதற்கு எழுந்த எதிர்ப்பில், அந்த நோட்டுகளையே திரும்பப் பெற நேர்ந்த நாடு இது.

> ‘போலி மயோனேஸ்’ என்று எழுதுங்கள். உள்ளது உள்ளபடி சொல்வதில் என்ன தயக்கம்?

டர்பன் ஐயாவின் கோபம் புரிகிறது. ஆனால் முட்டை இல்லை என்று முகத்தில் எழுதிக்கொண்டு வருவது போலியாகாது. மறைத்து விற்பதுதான் போலி. ஐயாவின் நாடான தென்னாப்பிரிக்காவிலேயே 2022 ஜூனில் வேளாண் துறை, தாவர உணவுகளுக்கு இறைச்சிப் பெயர் வைக்கக்கூடாது என்று கடிதம் அனுப்பியது. கடைகளில் சரக்கைப் பறிமுதல் செய்யப்போகிறோம் என்று ஆகஸ்டில் அறிவித்ததும் ஜோகன்னஸ்பர்க் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அந்தப் பெயர்களைக் கேட்டு ஏமாந்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? காளான் பில்டாங்கை (பில்டாங் என்பது அங்கே உப்பிட்டு உலர்த்திய இறைச்சி) மாட்டிறைச்சி என்று நினைத்து யாராவது வாங்குவார்களா?

இருந்தாலும் ஐயா பக்கம் ஒரு நியாயம் உண்டு, அதை இழையில் யாரும் கண்டுகொள்ளவில்லை. சில மலிவுப் புட்டிகளில் முட்டையும் இல்லை, எண்ணெயும் பேருக்குத்தான். தண்ணீரை மாவுச்சத்தால் கெட்டியாக்கி, இனிப்பும் புளிப்பும் சேர்த்து அடைத்திருப்பார்கள். நாக்கில் வைத்தால் கஞ்சி. இதை மயோனேஸ் என்று எழுத நானும் ஒப்ப மாட்டேன், இரண்டு முட்டையை உடைத்து அதில் ஊற்றினாலும் ஒப்ப மாட்டேன்.

ஏன் என்பது அடுப்படியில் தெரியும். தால் புரி மாவு பிசையக் கடலைப் பருப்பு வேகவைத்த தண்ணீரை எடுத்து வைப்போம் அல்லவா, அதில் ஒரு கரண்டியைச் சுண்டக் காய்ச்சி ஆறவிடுங்கள். கடுகு விழுது, உப்பு, கொஞ்சம் வினிகர் சேர்த்து அடிக்கத் தொடங்குங்கள். எண்ணெயை முதலில் சொட்டுச் சொட்டாக, பிடித்துக்கொண்ட பிறகு நூலாக விட வேண்டும். அவசரப்பட்டால் திரிந்து, எண்ணெய் தனியே மிதக்கும். நிதானமாக விட்டால் அந்த மஞ்சள் தண்ணீர் வெளுத்துக்கொண்டே வந்து, கரண்டி இழுத்த தடம் மூடாமல் அப்படியே நிற்கும். மஞ்சள்கருவில் லெசித்தினும் புரதமும் எண்ணெய்த் துளிகளைச் சுற்றிக்கொண்டு அவை ஒன்று சேராமல் காக்கின்றன. இங்கே அதே வேலையைப் பருப்பிலிருந்து இறங்கிய புரதமும் சபோனினும் செய்கின்றன. காவலாள்தான் வேறு. எண்ணெய் இவ்வளவு நெருக்கமாகத் துளித்துளியாக அடைந்து நிற்பதால்தான் அந்தக் கெட்டி வருகிறது. மாவுச்சத்துப் புட்டியில் நடப்பது இது இல்லை. (இந்தப் பருப்புத் தண்ணீருக்கு 2015-ல்தான் ‘அக்வாஃபாபா’ என்று பெயர் சூட்டினார்கள். ரசம் வைக்கிற வீட்டில் அதற்குக் கலைச்சொல் தேடத் தேவையில்லை. பட்டியலில் ‘பருப்புநீர்’ என்று போட்டுவிடுகிறேன்.)

> இல்லாததைப் பெயரில் சொல்வது தமிழ் மரபா?

ரோஸ் ஹில் ஆசிரியர் ஐயா கேட்டிருக்கிறார். இல்லாததைச் சொல்ல நமக்கு வழி நிறைய, அதனால்தான் தேர்ந்து எடுக்க வேண்டியிருக்கிறது. ‘முட்டை நீக்கிய’ என்று இருவர் எழுதியிருந்தார்கள். கொழுப்பு நீக்கிய பாலில் முன்பு கொழுப்பு இருந்தது, பிறகு எடுத்தார்கள். இதில் முட்டை நுழையவே இல்லை, எதை நீக்குவது? ‘முட்டையற்ற’ தவறில்லை, ஆனால் பலகையில் எழுதினால் அரசாணை வாசிப்பதுபோல் இருக்கும். ‘முட்டையில்லா’ போதும். இங்கே கிரியோலில் ‘சான் டிசெஃப்’ என்று சொல்லிக்கொண்டு கடையில் தேடுகிறவருக்கும் உடனே பொருந்தும்.

‘சைவ மயோனேஸ்’ வேண்டவே வேண்டாம். இந்தியாவிலிருந்து வரும் முட்டையில்லாப் புட்டிகளில் பச்சைப் புள்ளி இருக்கும். அந்தப் புள்ளி முட்டையைத் தடுக்கும், பாலைத் தடுக்காது, சிலவற்றில் பால் பொருளும் சேர்கிறது. விரதக்காரருக்கு அது பிரச்சினை இல்லை. பாலையும் தவிர்க்கும் நனிசைவர்களுக்கும் பால் ஒவ்வாமை உள்ளவர்களுக்கும் பிரச்சினைதான். ஒரே சொல்லில் இரண்டு கூட்டத்தையும் அடைக்கப் பார்த்தால் ஒரு கூட்டம் ஏமாறும்.

> பக்கத்துத் தீவில் இதற்கெல்லாம் ஐரோப்பியச் சட்டம் தடை போட்டிருக்கிறதே?

பிரான்சைச் சேர்ந்த ரியூனியனுக்கு ஐரோப்பியச் சட்டம் செல்லும், உண்மை. 2017 ஜூனில் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது பால், வெண்ணெய், சீஸ் போன்ற பால் பொருள்களின் பெயர்களைப் பற்றி. தாவரப் பொருளுக்கு அந்தப் பெயர்கள் ஆகாது, ‘தாவர’ என்று முன்னொட்டுப் போட்டாலும் ஆகாது. ஆனால் தேங்காய்ப்பாலுக்கு விலக்கு உண்டு, வழக்கத்தில் ஊறிய பெயர் என்பதால். மயோனேஸ் பால் பொருளே இல்லை, அந்தத் தீர்ப்பை இங்கே இழுக்க வேண்டியதில்லை. தேங்காய் கறக்குமா என்று கேட்காமல் காலம் காலமாகத் தேங்காய்ப்பால் என்று சொல்லிவருகிற நாம் இதில் அவ்வளவு கறார் காட்டுவதும் வேடிக்கை.

தமிழ்நாட்டில் நடந்ததையும் பாருங்கள். 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்கு அரசு தடை செய்தது ‘பச்சை முட்டையில் செய்த மயோனைஸை’. சால்மொனெல்லா போன்ற கிருமிகளுக்கு அஞ்சி வந்த தடை. அதற்கு முன்பே 2023-ல் கேரளமும் 2024-ல் தெலங்கானாவும் இதே வழிக்குப் போயிருந்தன. வெறும் ‘மயோனைஸ்’ தடை என்று அறிவித்திருந்தால் முட்டையில்லாததும் சேர்ந்து மாட்டியிருக்கும். ஆக அங்கே அடைமொழி முட்டை சேர்ந்ததற்குத்தான் தேவைப்பட்டது. இரண்டையும் ஒரே பெயரால் அழைக்கும் பழக்கம் கடைத்தெருவில் அந்த அளவுக்கு ஊறிவிட்டது. நாம் அதற்கு எதிராக ஒரு தனிச்சொல்லை நிறுத்தினால் அது நம் பட்டியலிலேயே தூங்கும்.

இன்னொரு வசதி நமக்குத் தானாக வருகிறது. பிரெஞ்சில் மயோனேஸ் முதலில் வரும், முட்டை இல்லை என்பது பின்னால் வரும். பின்னால் வருவதைப் பொடி எழுத்தில் ஒளிக்கலாம். தமிழில் அடைமொழி முன்னால் நிற்கும். பலகையானாலும் புட்டியானாலும் கண் முதலில் படுவது ‘முட்டையில்லா’ என்பதில்தான்.

ஆகவே என் முன்மொழிவு: குடும்பம் முழுமைக்கும் ‘பால்மத் தொடுகறி’. தொடுகறி பழைய சொல், தொட்டுக்கொள்ள என்று இன்றும் எல்லோரும் சொல்கிறோம். முட்டை சேர்ந்தது ‘மயோனேஸ்’. சேராதது ‘முட்டையில்லா மயோனேஸ்’, இரண்டு சொல்லும் ஒரே அளவு எழுத்தில். பாலும் இல்லாவிட்டால் ‘நனிசைவ மயோனேஸ்’. மாவுச்சத்துக் கஞ்சிக்கு மயோனேஸ் என்ற பெயரே வேண்டாம், ‘சாலட் சாஸ்’ என்று இருக்கட்டும். சென்னை நண்பர் மயோனைஸ் என்றே எழுதிக்கொள்ளட்டும். எங்களுக்குப் பிரெஞ்சு வாய், ஏகாரம்தான் வரும்.

அக்கா, பலகைக்கு இப்படி எழுதலாம்: ‘மயோனேஸ் தவிர்க்கவும். முட்டையில்லா மயோனேஸ் வாங்குவோர் சேர்பொருள்களைப் படித்து வாங்கவும்.’ குருக்கள் வேறு சொன்னால் இரண்டாம் வரியை எடுத்துவிடுங்கள்.

மறுப்பு உள்ளவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள், பிறகு பட்டியலில் ஏற்றிவிடுகிறேன். ‘டார்ட்டர் சாஸ்’ வரி இன்னும் காலியாகவே கிடக்கிறது, அதற்குத் தனி இழை தொடங்குங்கள்.