மறு: சிகரப் பட்டியலில் ‘ப்ராமினென்ஸ்’ – தமிழில் எது?

குழுவினருக்கு வணக்கம்.

ஒரு சிகரம் சுற்றியுள்ள நிலத்திலிருந்து எவ்வளவு தனித்து எழுந்து நிற்கிறது என்று காட்டும் அளவை ஆங்கிலத்தில் ‘ப்ராமினென்ஸ்’ என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல்வது என்ற இழை நீண்டுகொண்டே போகிறது. முக்கியத்துவம், புடைப்பு, பிறங்கல், ஓங்குயரம், அப்புறம் “எதற்கு வம்பு, ப்ராமினென்ஸ் என்றே போட்டுவிடலாம்” என்று இதுவரை ஐந்து கருத்துகள் வந்திருக்கின்றன. ஐந்தையும் உலக மலைத்தொடர்களின் பட்டியலில் தலைப்பாக வைத்துப் பார்த்தேன். எதுவும் ஒட்டவில்லை. ஆறாவதாக நேற்று நான் ஒன்று சொன்னேன்: இறங்குயரம். ஏன் என்பது கீழே.

> முக்கியத்துவம் என்றால் எல்லோருக்கும் புரியுமே?

புரியும், ஆனால் தவறாகப் புரியும். “கே2 சிகரத்தின் முக்கியத்துவம் 4,020 மீட்டர்” என்று படிக்கிற பத்தாம் வகுப்புப் பிள்ளை என்ன நினைக்கும்? ஆங்கிலச் சொல்லுக்கு அகராதியில் முதலில் இருக்கும் பொருளை எடுத்து ஒட்டியதால் வந்த வினை இது. புடைப்புக்கும் கிட்டத்தட்ட இதே கதிதான். வீக்கத்தையும் சிற்பத்தையும் நினைவூட்டுமே தவிர, அளவை நினைவூட்டாது.

சொல்லை விட்டுவிட்டு முதலில் பொருளைப் பார்ப்போம். ஒரு சிகரத்தின் உச்சியில் நிற்கிறோம். அதைவிட உயரமான இன்னொரு சிகரத்துக்குத் தரைவழியாகவே போக வேண்டும். எவ்வளவு வேண்டுமானாலும் சுற்றிப் போகலாம், ஆனால் முடிந்த அளவு குறைவாக இறங்க வேண்டும். எப்படிப் போனாலும் இவ்வளவு இறங்கியே தீரவேண்டும் என்று ஓர் அளவு இருக்கிறது அல்லவா, அதுதான் இது. அந்தப் பாதையின் மிகத் தாழ்ந்த புள்ளியின் உயரத்தைச் சிகரத்தின் உயரத்திலிருந்து கழித்தால் கிடைத்துவிடும்.

பட்டியலுக்கு இது ஏன் அவசியம் என்று கேட்டவருக்கு லோட்சே ஒன்றே போதும். 8,516 மீட்டர், உலகின் நான்காவது உயர்ந்த சிகரம். ஆனால் அதிலிருந்து தெற்குக் கணவாய்க்கு 610 மீட்டர் இறங்கினால் போதும், அடுத்தது எவரெஸ்ட் ஏற்றம்தான். 8,000 மீட்டரைத் தாண்டிய 14 சிகரங்களில் இந்த அளவு 1,500-ஐத் தொடாதது லோட்சே மட்டுமே. ஆல்ப்ஸ் மலையின் மோன் பிளாங்க் 4,800 மீட்டர் சொச்சம்தான், அதன் அளவோ ஏறத்தாழ 4,700. இந்தக் கணக்கில் அது கே2-வையே முந்திவிடுகிறது. எட்டாயிரம் மீட்டர் மலைகளுக்குள்ளும் வரிசை புரண்டுபோகும். உயரத்தில் ஒன்பதாவதான நங்கா பர்பத் 4,608 மீட்டருடன் எவரெஸ்டுக்கு அடுத்து வந்து நிற்கும், கே2 அதற்குப் பின்னால். உயரத்தை மட்டும் வைத்து உலகின் முதல் நூறு சிகரங்களை எழுதினால் எல்லாமே ஆசியாவுக்குள் அடங்கிவிடும். ஆண்டிஸின் அகோன்காகுவாவும் அலாஸ்காவின் டெனாலியும் பெயருக்குக்கூட வராது. ஒவ்வொரு தொடரின் தலைச்சிகரத்தையும் அதனதன் தகுதியில் காட்டுகிற பட்டியலில் இந்த நெடுவரிசையைத்தான் முதலில் போட வேண்டும்.

> ‘கணவாய்மேல் உயரம்’ என்றால் எளிதாக இல்லையா? ஜெர்மன் மொழியிலும் அப்படித்தானே?

ஜெர்மன் மொழியில் ‘ஷார்ட்டென்ஹோஹெ’ என்கிறார்கள். ஷார்ட்டெ என்றால் மலைமுகட்டில் வெட்டுப்பட்ட இடம். ஆங்கிலச் சொல்லைப் போலத் தோற்றத்தைப் பிடிக்காமல் அளக்கும் முறையைப் பிடித்திருக்கிறார்கள். அந்த வழி எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் நம் ‘கணவாய்’ அந்த இடத்துக்குப் பொருந்தாது. இதற்கு நம்மிடமே ஒரு நல்ல சான்று இருக்கிறது.

தொட்டபெட்டாவை எடுத்துக்கொள்வோம். 2,637 மீட்டர். அதைவிட உயரமானது, பக்கத்தில், ஆனைமுடி, 2,695 மீட்டர். இரண்டுக்கும் நடுவே பாலக்காட்டுக் கணவாய். பாலக்காட்டுப் பக்கம் தரை 140 மீட்டர் வரை தாழ்ந்துவிடுகிறது. ‘கணவாய்மேல் உயரம்’ என்று தலைப்பிட்டால் யாராக இருந்தாலும் 2,637-இல் 140-ஐக் கழித்து ஏறத்தாழ 2,500 என்று எழுதிவிடுவார்கள். உண்மையான அளவு 2,256. ஏனென்றால் நீலகிரியிலிருந்து ஆனைமலைக்குப் போக யாரும் பாலக்காடு வரை இறங்க வேண்டியதில்லை. கொங்குச் சமவெளியில், பாரதப்புழைக்கு ஓடும் தண்ணீரையும் காவிரிக்கு ஓடும் தண்ணீரையும் பிரிக்கும் மேட்டின் மேலேயே நடந்தால் 380 மீட்டருக்குக் கீழே கால் வைக்காமல் தாண்டிவிடலாம். அந்த இடத்தில் கணவாயும் இல்லை, மலையும் இல்லை. தென்னந்தோப்பும் காற்றாலையும் இருக்கிற சாதாரண மேட்டுநிலம்.

மோன் பிளாங்க் கதை இன்னும் வேடிக்கை. அதிலிருந்து தன்னைவிட உயர்ந்த மலையை நோக்கிப் போகும் பாதையின் தாழ்ந்த புள்ளி வடக்கு ரஷ்யாவில், குபென்ஸ்கோயே ஏரிக்குப் பக்கத்தில், 113 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டெனாலிக்கோ அது நிகரகுவாவில். ஆகவே கணவாய், சேணம், வெட்டு என்று மலையோடு ஒட்டிய எந்தச் சொல்லும் இந்த இடத்தில் ஏமாற்றிவிடும். அந்தத் தாழ்ந்த புள்ளியை ‘இடைத்தாழ்வு’ என்று சொல்லலாம் என்பது என் யோசனை. இரண்டு உயரங்களுக்கு இடையிலான தாழ்வு, அவ்வளவுதான். காற்றழுத்தத் தாழ்வு கேட்டுப் பழகிய காதுக்கு இது உறுத்தாது. ஆங்கிலத்தில் ‘கீ கோல்’ என்கிறார்கள் என்பதற்காக யாரும் தயவுசெய்து சாவியைக் கொண்டுவர வேண்டாம்.

இனி இறங்குயரம். இறங்கு + உயரம், வினைத்தொகை. நேற்றே தனிமடலில் ஒருவர் கேட்டுவிட்டார்:

> உயரம் எப்படி இறங்கும்? ஏறுவதல்லவா உயரம்?

குடிநீர் எதையும் குடிப்பதில்லை, நாம்தான் குடிக்கிறோம். இறங்குதுறையும் இறங்குவதில்லை. அதுபோல நாம் இறங்கியாக வேண்டிய உயரம் இறங்குயரம். சொல்லைக் கேட்டதும் முழு வரையறையும் விளங்கிவிடாது, எந்தக் கலைச்சொல்லும் அப்படி விளங்குவதில்லை. ஆனால் ஒருமுறை விளக்கிவிட்டால் பிறகு மறக்காது, ஏனென்றால் கணக்குப் போடும் வழியே சொல்லுக்குள் இருக்கிறது.

புலவர் ஐயா சொன்ன பிறங்கல் அழகான சொல், மறுப்பதற்கில்லை. ஆனால் அது மலைக்கே பெயர். “இம்மலையின் பிறங்கல்” என்றால் மலையின் மலை என்று ஆகிவிடும். ஓங்குயரமும் அப்படியே, சங்கப்பாடல்களில் ‘ஓங்குயர்’ என்று அடிக்கடி வருவதால் காதுக்கு இனிமையாக இருக்கிறது. ஆனால் பட்டியலில் ‘உயரம்’, ‘ஓங்குயரம்’ என்று அடுத்தடுத்து இரண்டு தலைப்பைப் பார்க்கிறவர் இரண்டாவதுதான் பெரிய எண் என்று எதிர்பார்ப்பார். இந்த அளவு ஒருபோதும் உயரத்தைத் தாண்டாது. ‘இறங்கு’ என்ற ஒட்டு அதைத் தானாகவே உணர்த்திவிடுகிறது.

சரி, துணைச்சொற்கள். ஒரு சிகரம் எந்த உயர்ந்த சிகரத்தைச் சார்ந்ததாகக் கொள்ளப்படுகிறதோ அதற்குத் தாய்ச்சிகரம் என்பது எல்லோருக்கும் சம்மதம் போலிருக்கிறது, எனக்கும்தான். ‘ஐசொலேஷன்’ என்பதற்குத் தனிமை வேண்டாம். சிகரத்துக்குச் சோகம் சேர்ந்துவிடும். தனித்தொலைவு என்போம். அதே உயரமுள்ள வேறு இடம் எவ்வளவு தூரத்தில் முதலில் எதிர்ப்படுகிறது என்பதுதானே அது. கே2-வுக்கு 1,300 கிலோமீட்டருக்கு மேல், லோட்சேவுக்கு மூன்றுகூட இல்லை. 1,500 மீட்டருக்கு மேல் இறங்குயரம் உள்ளவற்றை ஆங்கிலத்தில் ‘அல்ட்ரா’ என்கிறார்கள். ‘பேரிறங்குயரச் சிகரம்’ என்று நேற்று ஒருவர் எழுதியதைப் படிக்கவே எனக்கு மூச்சு வாங்கியது. பெருஞ்சிகரம் போதும், அடிக்குறிப்பில் 1,500 என்று சொல்லிவிடலாம்.

கடைசியாக, இலங்கை நண்பர் கேட்ட கேள்வி:

> பீதுருதலாகலைக்கும் எவரெஸ்டுக்கும் இறங்குயரம் என்ன போடுவது? இறங்கி ஏற அங்கே வேறு உயரமான சிகரமே இல்லையே?

கடல் மட்டம் வரை இறங்குவதாகக் கொள்வதே மரபு. பீதுருதலாகலை தீவின் தலைச்சிகரம், எனவே அதன் இறங்குயரம் அதன் உயரமேதான், 2,524 மீட்டர். எவரெஸ்டுக்கு 2020-இல் நேபாளமும் சீனாவும் சேர்ந்து அறிவித்த 8,848.86 மீட்டரை இரண்டு நெடுவரிசையிலும் போட்டு, ஒரு உடுக்குறி (*) வைத்துவிடலாம். கிளிமஞ்சாரோவுக்கு மட்டும் கவனம் வேண்டும். அது ஆப்பிரிக்காவின் தலைச்சிகரம் என்பதால் கடல்மட்டக் கணக்கைப் போட்டுவிடத் தோன்றும். சூயஸ் நிலப்பகுதி ஆப்பிரிக்காவை ஆசியாவோடு இணைப்பதால் அதன் உயரம் 5,895 மீட்டர், இறங்குயரம் 5,885. வரைவுப் பட்டியலில் இரண்டும் ஒன்றாக இருக்கின்றன, தொகுப்பவர் திருத்திவிடுங்கள்.

இடைத்தாழ்வுக்கு இதைவிட நல்ல சொல் யாரிடமாவது இருந்தால் இந்த இழையிலேயே போடுங்கள். இறங்குயரத்துக்கு மறுப்பு இருந்தாலும் சொல்லுங்கள், ஆனால் மறுக்கிறவர் தம் சொல்லைத் தொட்டபெட்டா வரியில் வைத்துப் பார்த்துவிட்டு எழுதினால் நல்லது.

அன்புடன்.